இன்று ஸ்டீயரிங் டீச்சரிடம்!

காசிமேட்டிலோ ராமேஸ்வரத்திலோ ‘டிராலர்’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இழுவலை, ஐஸ் பெட்டி, டீசல் புகை, மீன் வாடை... எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில், அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. மீன்பிடி படகின் கனத்த உடம்பும் உயர்ந்த முகப்பும் அப்படியே இருக்கும். வலை மட்டும் இருக்காது. மீன் கொட்டும் இடத்தில் கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் என்று ஒரு குட்டிக் குடித்தனமே இருக்கும்.

இந்தப் படகுகளில் பெயர்பெற்றவை ‘கிராண்ட் பேங்க்ஸ்’. 1960-களில் ஹாங்காங்கிலும், பிறகு சிங்கப்பூரிலும் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1973 வரை மரம், அதன்பிறகு ஃபைபர் கிளாஸ். நம்மூர் அம்பாசடர் காரைப் போல வேகத்துக்குப் பேர்போனதில்லை, உழைப்புக்குப் பேர்போனது. 36 அடிப் படகு ஒன்று சாவகாசமாக ஏழு நாட் வேகத்தில் போகும். அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். சைக்கிளில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முந்திவிடலாம். நீளத்துக்கேற்ற அந்த வேகத்தைத் தாண்டினால், தானே எழுப்பும் அலைமேல் தானே ஏறவேண்டி வரும், டீசல்தான் கரையும்.

அப்படியொரு சிங்கப்பூர் படகு, 120 குதிரைசக்தி எஞ்ஜின் ஒன்றே ஒன்றோடு, ஒரு வயதான தம்பதியிடம் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறது. துறையில் எல்லோரும் அவரை ‘கேப்டன்’ என்பார்கள். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது 72. மனைவி நாலாம் வகுப்பு டீச்சராக இருந்தவர், வயது 67. கல்யாணமாகி 44 வருடம்.

படகில் வேலைப் பங்கீடு ஒருநாளும் பேசி முடிவு செய்யப்பட்டதில்லை. அவர் ஓட்டுவார். இவர் கயிறு பிடிப்பார், சாண்ட்விச் செய்வார், திட்டு வாங்குவார். துறைக்குத் துறை இதே கதைதான். படகைக் கட்டும் நேரத்தில் கணவர் மேலேயிருந்து கத்த, மனைவி கீழே கயிற்றோடு அல்லாட, பக்கத்துப் படகுக்காரர்கள் காபியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். காதில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொள்ள ஒரு வயர்லெஸ் ஹெட்செட் விற்கிறது. அதற்கு அங்கே வழங்கும் செல்லப்பெயரே ‘கல்யாணத்தைக் காப்பாற்றும் கருவி’!

பிப்ரவரியில் ஒரு காலை, கேப்டனின் இடதுகையிலிருந்து காபிக் கோப்பை நழுவியது. பேச முயன்றார், வார்த்தை குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியானதுபோல் தோன்ற, “ஒன்றுமில்லை” என்றுகூடச் சொல்லிவிட்டார். டீச்சர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில், வந்தது ஒரு சின்ன ஸ்ட்ரோக் என்றார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுகிற வகை. தானாகச் சரியானதுபோல் தோன்றினாலும் அலட்சியம் செய்யக்கூடாத வகையும்கூட. மாத்திரைகள் கூடின. இடதுகைப் பிடி மட்டும் பழையபடி முழுசாகத் திரும்பவில்லை.

மகன் போனில் தீர்மானமாகச் சொன்னான்: “படகை வித்துடுங்க.” புரோக்கர் வந்து பார்த்து, ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு டீச்சர் தூங்கவில்லை. அவரை உறுத்தியது படகின் விலை இல்லை. இத்தனை வருடத்தில் நடுக்கடலில் கணவர் தவறி விழுந்திருந்தால் தன்னால் என்ன செய்திருக்க முடியும்? அந்தக் கடல் கோடையிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குமேல் பெரும்பாலும் போகாது. குளிர்நீரில் விழுந்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒன்று, பத்து, ஒன்று. மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்க பத்து நிமிடம். நினைவு தப்ப சுமார் ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் படகைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். தனக்கு கியர் எது, திராட்டில் எது என்றே தெரியாது. ஸ்டீயரிங்கில் ஆளில்லாத படகு போய்க்கொண்டே இருக்க, பின்னால் நின்று பார்த்துக்கொண்டே போயிருப்போம் என்பது 67 வயதில்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை சொன்னார்: “செப்டம்பர்வரை விற்க வேண்டாம். நான் கற்றுக்கொள்கிறேன். சூசியா தீவுக்கு நானே கொண்டுபோய் நானே திருப்பிக் கொண்டுவருகிறேன். முடியாவிட்டால், புரோக்கருக்கு நானே போன் செய்கிறேன்.”

வாஷிங்டன் மாநிலத்தில் 15 குதிரைசக்தியும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்ட, தேர்வு எழுதி ஓர் அட்டை வாங்க வேண்டும். 1955 ஜனவரி 1-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, ஸ்ட்ரோக் வந்த கேப்டனுக்குத் தேர்வு வேண்டாம், டீச்சருக்கு உண்டு! வாழ்நாளெல்லாம் தேர்வு வைத்தவர் ஏப்ரலில் உட்கார்ந்து படித்து எழுதினார், பாஸானார். பெண்களுக்குப் பெண்களே நடத்தும் படகோட்டும் வகுப்புகள் அந்தப் பக்கம் உண்டு. அதிலும் சேர்ந்தார். கணவரிடம் கற்றுக்கொள்ள அவர் யோசிக்கவே இல்லை. கார் ஓட்டக் கணவரிடம் பழகிய பெண்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஜூலை. படகு நின்றது விட்பி தீவின் வடக்கு முனையில், கார்னெட் பே என்ற சின்னக் குடாவில். அங்கிருந்து மேற்கே வெளிக்கடலுக்குப் போக ஒரே குறுக்குவழி ‘டிசெப்ஷன் பாஸ்’. ஏமாற்றுக் கணவாய். 1792-ல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், தீபகற்பம் என்று தான் நினைத்தது தீவு என்று தெரிந்ததும் வைத்த பெயர். இருபக்கமும் பாறைச் சுவர். தலைக்குமேல் 180 அடி உயரத்தில், 1935-ல் கட்டிய இரும்புப் பாலம். அதன் அடியில் தண்ணீர் எட்டு நாட் வேகம்வரை ஓடும். ஏழு நாட் படகு எட்டு நாட் ஓட்டத்தை எதிர்த்தால் என்னாகும் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

கடல் வடிந்து முடிந்து, மறுபடி ஏறத் தொடங்குவதற்குமுன், தண்ணீர் சில நிமிடம் சும்மா நிற்கும். அதற்கு ‘ஸ்லாக்’ என்று பெயர். அந்த நேரத்தில்தான் தாண்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம்: கடல் மட்டம் குறைவாக இருக்கும் நேரமும், ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றில்லை. அட்டவணைகளும் வேறு வேறு. மட்டத்தின் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. டீச்சர் ஓட்டத்தின் அட்டவணையைப் பார்த்து, சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். காலை 9:40.

துறையிலிருந்து படகை எடுப்பதே முதல் சோதனை. ஒற்றை எஞ்ஜின் படகு ரிவர்ஸில் நேராக வராது. புரொப்பல்லர் சுற்றும் திசைக்கேற்பப் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கும். இந்தப் படகு இடப்பக்கம் இழுக்கும். டீச்சர் அதோடு மல்லுக்கட்டாமல், அதை எதிர்பார்த்து, முன்கயிறு ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதன்மேல் படகை மெதுவாகச் சாய்த்து, பின்பக்கம் விலகியதும் ரிவர்ஸ் போட்டார். கேப்டன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். காபிக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“நீ ஒன்றும் சொல்லக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் சொல்” என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். கேப்டன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கிண்டலுக்கு இல்லை, கை தானாக ஸ்டீயரிங்குக்குப் போனது.

வடியும் ஓட்டம் இன்னும் மிச்சமிருந்தது. அது பின்னாலிருந்து தள்ளியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பின்னாலிருந்து தள்ளும் தண்ணீரில் படகைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம். பாலத்துக்கடியில் ஒரு சுழி படகின் மூக்கைப் பாறைப் பக்கம் திருப்பியது. டீச்சரின் முதுகு விறைத்தது. “திராட்டிலைக் கூட்டணும்” என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டார். கூட்டினார். சுக்கானில் தண்ணீர் பாய்ந்து மூக்கு திரும்பி வந்தது. மேலே பாலத்தில் சுற்றுலாப் பயணிகள் கையசைத்தார்கள். பதிலுக்கு அசைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. கேப்டன் அசைத்தார்.

கணவாயைத் தாண்டினால் வலப்பக்கம் ரொசாரியோ கடற்கரை. அங்கே சாமிஷ் பழங்குடியினர் நிறுவிய மரத்தூண் ஒன்று இருக்கிறது. கோ-க்வால்-அல்வூட் என்ற பெண்ணின் உருவம். கடலடியில் இருந்த ஒருவன் அவள் கையைப் பற்றிக்கொண்டு பெண் கேட்டான், அப்பா மறுத்தார், கரையில் மீனும் நண்டும் அற்றுப்போயின. ஊர் பசித்திருக்கக் கூடாது என்று அவள் கடலுக்குள் போனாள். வருடம் ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வந்தவளின் தோலில் சிப்பி ஒட்டியிருக்க, கரையில் அவள் படும் சங்கடத்தைப் பார்த்து, ‘இனி வரவேண்டாம் தாயே’ என்று ஊரே விடை கொடுத்ததாம். நீரோட்டத்தில் நீள நீளமாக அலையும் கடற்பாசிதான் அவள் கூந்தல் என்பார்கள். கதையை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் அந்தக் கூந்தலால் ஒரு பிரயோசனம் உண்டு. பாசி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டம். பாசி இருக்கும் இடத்தில் அடியில் பாறை. டீச்சர் அதைத் தள்ளியே போனார்.

அப்புறம் ரொசாரியோ ஜலசந்தி. இங்கேதான் அவர் போட்ட கணக்கு பலன் தந்தது. கடல் ஏறத் தொடங்கியதும் இந்த ஜலசந்தியில் தண்ணீர் வடக்கே ஓடும். போகவேண்டியதும் வடக்கு. ஏழு நாட் படகு எட்டு நாட் போனது, கூடுதல் டீசல் செலவில்லாமல். கிழக்கே பேக்கர் மலை, ஜூலையிலும் வெள்ளையாக. ஓர்க்கா திமிங்கிலம் வருமா என்று இருவரும் பார்த்தார்கள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நண்டுக்கூடு போட்டவர்களின் சிவப்பு வெள்ளை மிதவைகள்தான் வந்துகொண்டே இருந்தன. அதன் கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. தவிர, மரத் தொழில் நடக்கும் கடலோரம் என்பதால் முழு மரங்களே மிதந்து வரும். தண்ணீருக்குள் அமிழ்ந்து, நுனியை மட்டும் காட்டிக்கொண்டு. நாலு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்ப்பது என்றால் என்ன என்று டீச்சருக்கு அன்று புரிந்தது. ‘நீ சும்மா உட்கார்ந்துதானே வருகிறாய்’ என்று தான் சொன்ன நாள்கள் நினைவுக்கு வந்ததோ என்னவோ, கேப்டனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சாண்ட்விச் செய்துகொண்டிருந்தார். சீஸ் தடிமனாக இருந்தது.

சைப்ரஸ் தீவருகே எதிரில் எண்ணெய்க் கப்பல் ஒன்று, கூடவே ஒரு இழுவைப் படகுடன். அந்தப் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் இது வழக்கம். அவ்வளவு பெரிய கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. கேப்டனின் கை தொடைக்கடியிலிருந்து வெளியே வந்தது. டீச்சர் அதற்குமுன்பே வேகத்தைக் குறைத்து, அது போகட்டும் என்று அதன் பின்பக்கமாகக் கடக்கத் திருப்பியிருந்தார். திருப்பியதை எதிராளி சந்தேகமில்லாமல் பார்க்கட்டும் என்று நன்றாகவே திருப்பியிருந்தார். கை திரும்ப உள்ளே போனது.

ஒன்றரை மணிக்கு சூசியா. ஸ்பானிஷ் மொழியில் ‘அழுக்கு’ என்று பொருள். சுற்றிலும் பாறை என்பதால் பழைய மாலுமிகள் வைத்த பெயர். தீவு என்னவோ அத்தனை அழகு. 1960-ல் இதை விலைக்கு வாங்கிக் கட்டடம் கட்டிவிடப் போகிறார்கள் என்று பயந்து, படகுக்காரர்கள் சங்கம் சங்கமாக வசூல்செய்து, 25,000 டாலருக்கு வாங்கி, பூங்காவாக வைத்திருக்கச் சொல்லி அரசிடம் கொடுத்துவிட்டார்கள். 2012-ல் இங்கேதான் வாஷிங்டன் மாநிலத்தின் முதல் டைனோசர் எலும்பு கிடைத்தது.

குடாவில் மிதவைகள் போட்டிருக்கிறார்கள். மிதவையின் உச்சியில் ஒரு இரும்பு வளையம். படகின் கயிற்றை அதற்குள் நுழைத்துத் திரும்ப எடுத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்தொன்பது வருடமாக டீச்சர் செய்த வேலை. இன்று அது கேப்டனுடையது. லைஃப் ஜாக்கெட் மாட்டி, கொக்கிக்கம்போடு முன்பக்கம் போனார்; நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, அங்கே. காதில் ஹெட்செட்.

படகின் முகப்பு உயரம். தண்ணீர் எங்கோ கீழே. கிட்டே வந்ததும் மிதவை ஓட்டுபவரின் கண்ணுக்கு மறைந்துவிடும். முன்னால் நிற்பவர் காட்டுவதுதான் பாதை. முதல்முறை கம்பு வளையத்தைத் தொட்டு வழுக்கியது. “இடது! இடது!” என்று கேப்டன் கத்தினார். “காதில்தான் இருக்கிறேன். கையால் காட்டு, கத்தாதே” என்றது ஹெட்செட். இரண்டாம்முறை கொக்கி மாட்டியது. பல டன் கனம் கம்பை இழுக்க, இடதுகை விரல்கள் விரிந்துகொண்டன. கம்பு தண்ணீரில் விழுந்து மிதந்தது.

கேப்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

“இதை எப்படிச் செய்தாய் இத்தனை வருஷமும்?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஹெட்செட்டில் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

டீச்சர் அதற்குப் பதில் சொல்லவில்லை. “உள்ளே வா. வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்” என்றார்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே, வலப்புறம், நகர்த்தும் கதவு உண்டு. அந்த இடத்தில் படகின் விளிம்பு தாழ்வு. முகப்பிலிருந்து நீளக் கயிற்றை வெளிப்பக்கமாக அந்தக் கதவுவரை கொண்டுவந்தார்கள். டீச்சர் படகைச் சுற்றிவந்து முதலில் கம்பை எடுக்கச் சொன்னார். பிறகு நீரோட்டத்துக்கு எதிராக, நடைவேகத்துக்கும் குறைவாக, மிதவையைக் கதவுப் பக்கமே கொண்டுவந்து நியூட்ரலில் போட்டார். இரண்டே எட்டு. கேப்டன் வலதுகையால் கொக்கியை மாட்டிப் பிடிக்க, டீச்சர் குனிந்து கயிற்றை வளையத்துக்குள் விட்டு எடுத்தார். அப்புறம் கயிற்றோடு முன்னால் நடந்துபோய்க் கட்டினார் கேப்டன். முடிச்சு எப்போதும் அவர் போடுவதுதான் நன்றாக இருக்கும்.

எஞ்ஜினை நிறுத்தியதும் வந்த அமைதியில் இருவருக்கும் காது ஙொய் என்றது. டீச்சரின் போன், கனடாவுக்கு நல்வரவு என்று சொன்னது. கனடா கோபுரத்தின் சிக்னல் எல்லை தாண்டி வந்துவிடும். அங்கே இது எல்லாருக்கும் நடப்பதுதான். மகனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார்கள். மிதவை, கயிறு, அப்பாவின் கை. ‘யார் ஓட்டினது?’ என்று பதில் வந்தது.

சாயங்காலம் லாக் புத்தகம் எழுத வேண்டும். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எஞ்ஜின் ஓடிய மணி, எண்ணெய் அளவு. பத்தொன்பது வருடப் பக்கங்களும் கேப்டனின் கையெழுத்து. அவர் பேனாவை நீட்டினார். டீச்சர் கரும்பலகை எழுத்தில் எழுதினார். ‘குறிப்புகள்’ என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, ‘கம்பு ஒருமுறை தண்ணீரில்’ என்று மட்டும் எழுதினார். “அது அவசியமா?” என்று கேட்டார் கேப்டன். அவசியம்தான் என்றார் டீச்சர்.

நாளை திரும்ப வேண்டும். வடியும் ஓட்டத்தோடு தெற்கே இறங்கி, கணவாயில் தண்ணீர் நிற்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதன்பின் கார்னெட் பே துறையில் கட்ட வேண்டும். காற்று இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். வகுப்பு டீச்சர் பக்கத்தில் இல்லாமல் அவர் அதை இன்னும் செய்ததில்லை. புரோக்கரின் அட்டை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில்தான் இருக்கிறது.

“நாளைக்கு ஸ்லாக் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார் கேப்டன், அட்டவணை தன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தும்.

“பத்தரை” என்றார் டீச்சர். அலாரத்தை ஐந்துக்கு வைத்தார்.